பாலத்தில் சொன்ன விலை

190 டொலர். ஒரு பொய்க்குக் கூலியாக என் முன்னால் வைக்கப்பட்ட தொகை அது. நான் அதை எடுக்கவில்லை. எடுக்காததற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் முடியவில்லை. இந்த இரண்டாவது விஷயம் சில ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்கிறது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

2011 கோடையில் கனடிய டொலர் அமெரிக்க டொலரைவிடச் சற்று மேலே நின்றது. அப்படி நிற்கும் காலங்களில் ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நயாகரா ஆற்றுக்கு அப்பால் எல்லாமே மலிவாகத் தெரியும். பால், பெற்றோல், சப்பாத்து, கார். ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே காருக்கு ஆற்றின் அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் இன்னொரு விலை. பஃபலோ நகருக்கு வெளியே ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற 2005ஆம் ஆண்டுக் கொரோலாவை நான் 8,000 அமெரிக்க டொலருக்குப் பேசி முடித்தேன். விற்றவர் வயதானவர், நல்ல மனிதர். விற்பனைச் சீட்டை எழுத உட்கார்ந்தவர் பேனாவை நிறுத்தி, "எவ்வளவு என்று எழுதட்டும்?" என்று கேட்டார். கனடாவிலிருந்து வருகிறவர்கள் பாதி விலையைத்தான் எழுதச் சொல்வார்களாம். அந்தக் கேள்வியில் களவின் சாடை கொஞ்சமும் இல்லை. தேநீருக்குச் சீனி எவ்வளவு என்று கேட்பதுபோலக் கேட்டார். 4,000 என்று எழுதினால், பாலத்தில் அறவிடும் 5 சதவீத வரியில் எனக்கு ஏறத்தாழ 190 கனடிய டொலர் மிஞ்சும். மீதி 8 சதவீதம் மாகாணத்துக்கு, பதிவு செய்யும்போது கட்டுவது. அதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

8,000 என்றே எழுதச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுதினார்.

ஒரு காரை எல்லை கடத்துவது அப்படியொன்றும் எளிதல்ல. (நமது மொழியில் 'கடத்துவது' என்றாலே குற்றம்போலத் தொனிக்கிறது, வேறு சொல்லும் அகப்படவில்லை.) காரின் உரிமைப் பத்திரத்தை 72 மணித்தியாலத்துக்கு முன்னரே அமெரிக்கச் சுங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கார் களவெடுத்தது அல்ல என்று அவர்கள் திருப்திப்பட அவ்வளவு நேரம். திருத்தத்துக்கு மீள அழைக்கப்பட்ட பழுது எதுவும் பாக்கியில்லை என்று ஒரு கடிதம். கனடாவில் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், அது 1989 டிசம்பரிலிருந்து சட்டம். எரியாவிட்டால் எரிய வைக்க வேண்டும். பாலத்தில் ஒரு படிவம், வரி, குளிரூட்டி இருப்பதற்காகத் தனியாக 100 டொலர். அதன் பிறகு 45 நாட்களுக்குள் ஒரு பரிசோதனை.

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தகட்டில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கும். அது 1 என்று தொடங்கினால் அமெரிக்காவில் செய்தது, 3 என்றால் மெக்சிக்கோ, ஜே என்றால் ஜப்பான். என் காரில் 2. கனடா. ஒன்ராறியோவில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில், நான் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் செய்து அனுப்பிய கார். ஆறு வருடம் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஆகையால் சுங்கத் தீர்வை கிடையாது. நான் அதைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆனால் சொந்த நாடு என்ற சொல்லை அந்தப் பாலத்தில் என்னைவிட உரிமையோடு சொல்லக்கூடியது அந்தக் கார்தான்.

பாலத்தின் பெயர் சமாதானப் பாலம். பஃபலோவையும் ஃபோர்ட் ஈரியையும் இணைத்து 1927இல் திறக்கப்பட்டது. 1987இல் நான் அதை முதன்முறையாகக் கடந்தேன். நியூயோர்க்கில் விமானத்திலிருந்து இறங்கியபோது என் கையில் இருந்தது இன்னொருவனுடைய கடவுச்சீட்டு. அவன் எங்கே இருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறானா என்பது எனக்குத் தெரியாது. பஃபலோவுக்கு பஸ்ஸில் வந்தேன். அந்த ஆண்டு பெப்ரவரி 20க்குப் பிறகு, அமெரிக்கா வழியாகத் தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு திகதி கொடுத்து, அதுவரை ஆற்றுக்கு அந்தப் பக்கமே காத்திருக்கச் சொன்னது கனடா. தேவாலயத்தார் நடத்திய விடுதியில் காத்திருந்தேன். திகதி வந்தது. பாலத்தின் மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி பெயரைக் கேட்டார். கொழும்பை விட்டுப் புறப்பட்டபின் முதன்முறையாக என் பெயரைச் சொன்னேன்.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இலக்கியக் கூட்டங்களில்கூட. அந்தப் பாலம் நான் உண்மை பேசத் தொடங்கிய இடம் என்று. எனவே 2011இல் 8,000 என்று எழுதச் சொன்னது எனக்கு ஓர் ஒழுங்கான தொடர்ச்சியாகவே பட்டது: பெயரைச் சொன்ன இடத்தில் விலையையும் சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர், கவிஞர், இதைக் கேட்டுச் சிரித்தார். "எல்லை எண்டதே ஒரு பொய். பொய்யிட்டப் பொய் சொல்லுறது பொய்யில்லை. நீர் அண்டைக்கு ஆற்றையோ கடவுச்சீட்டை நீட்டினீரே, அது எந்தக் கணக்கில வரும்?" என்றார். கோடு பொய் என்பதில் எனக்கும் அவருக்கும் பேதமில்லை. யாரோ இரண்டு அரசுகள் ஓர் ஆற்றின் நடுவில் கீறியது. ஆனால் அந்தக் கோட்டில் வாங்கும் 5 சதவீதம் பொய்யல்ல. என் தாயார் கடைசி நான்கு மாதம் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு நான் ஒரு சதமும் கட்டவில்லை; எவரோ எங்கேயோ கட்டிய வரி அது. இந்த அளவில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவருடைய இரண்டாவது கேள்விக்குத்தான் எளிதில் பதில் வரவில்லை.

நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அன்றைய பொய் உயிருக்காக. இன்றைய பொய் காசுக்காக. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். நமது சூழலில் எந்தப் பொய்யனும் முதலில் எடுத்து நீட்டும் கடவுச்சீட்டு இது. நன்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் நிற்கும் 'குற்றமற்ற' என்பதை வசதியாக விட்டுவிடுகிறோம். 1797இல் கான்ட் எதிர்த் திசையில் போனார். கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்றார். அவர் மறுத்தது பென்ஜமின் கொன்ஸ்தானை; உண்மைக்கு உரிமையுள்ளவனிடம் மட்டுமே உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது கொன்ஸ்தானின் கட்சி. கான்டை முதலில் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. கொலைகாரன் ஒருபோதும் கதவைத் தட்டாத ஊரில் இருந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தட்டினார்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் கான்டின் பக்கம் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, உயிரச்சத்தால் சட்டவிரோதமாக உள்ளே வந்தவனைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. ஒரு நிபந்தனை: தாமதிக்காமல் அதிகாரிகள் முன் தானாகப் போய் நிற்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பொய்யும் சொல்லலாம் என்றல்ல. உண்மையைச் சொல்லக்கூடிய ஓரிடத்துக்கு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொய், அங்கே சேர்ந்ததும் முடிந்துவிட வேண்டும். 4,000 என்ற எண் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. நண்பருக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இதற்கு முதலே முடிந்திருக்கும்.

பாலத்தில் என் பெயரைச் சொன்னேன் என்றேன். அது உண்மை. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, ரொறன்ரோவில் ஓர் அறையில், சத்தியம் செய்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் என் கதையைச் சொன்னேன். 1984இல் வடமராட்சியில் ஒரு சுற்றிவளைப்பு. இராணுவம் எங்கள் வீட்டுக் கதவை உடைத்தது, சாமான்களைப் புரட்டியது, என் தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தது, சைக்கிள் செயினால் அடித்தது. இவ்வளவும் நடந்தது. எங்கள் வீட்டில் அல்ல. அடுத்த வீட்டில். இழுபட்டவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். இடையில் ஒரு கிடுகு வேலி. நான் வேலிக்கு இந்தப் பக்கம், கிணற்றடியில், வயிறு நிலத்தில் படக் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனை ட்ரக்கில் ஏற்றினார்கள். பிறகு பூசா முகாமில் இருக்கிறான் என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை.

வேலிக்கு அப்பால் நடந்ததை இப்பால் கொண்டுவந்து என்னுடையது என்று பதிந்தேன். இன்னொருவனின் கடவுச்சீட்டைக் கைவிட்டுவிட்டேன். இன்னொருவனின் இரவை வைத்துக்கொண்டேன். கேட்டது மட்டும் போதாது, பட்டிருக்க வேண்டும் என்று பஃபலோவில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் என்னைப் போலவே காத்திருந்தவர்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, வேறொருவருடைய வழக்குக்கு மொழிபெயர்த்து உதவப் போனபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979இல் வெளியிட்ட கைநூலைப் படிக்க நேர்ந்தது. அச்சம் நியாயமானது என்று காட்ட விண்ணப்பதாரியின் சொந்த அனுபவமே வேண்டுமென்பதில்லை, அவனுடைய நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அதே சமூகத்தவர்களுக்கும் நடந்தவையும் போதும் என்று அதில் இருக்கிறது. அதாவது கிணற்றடியே போதுமானதாக இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தரம் படித்தேன். அன்றைய அதிகாரி அந்தக் கைநூலின்படி நடந்திருப்பாரா என்பது வேறு.

இங்கேதான் கான்டிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. பொய் எவர் ஒருவரையும் பாதிக்காவிட்டாலும் மனித குலத்தைப் பாதிக்கிறது, ஏனென்றால் சொல்லின் மேல் நிற்கும் எல்லா உரிமைகளையும் அது ஆட்டங்காணச் செய்கிறது என்பது அவருடைய வாதம். மனித குலம் என்ற சொல்லை வைத்து நான் அவரை ஏளனம் செய்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'என் பின்னால் வரிசையில் நின்றவன்' என்று போட்டுப் பார்க்கிறேன். எங்கள் கதைகள் ஒன்றுபோல இருந்தன. உடைந்த கதவு, இழுபட்ட தலைமயிர், சைக்கிள் செயின். ஒன்றுபோல இருக்கிற கதைகளைக் கேட்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போகிறான். உண்மையிலேயே இழுபட்டவன் வந்து உட்கார்ந்தபோது அவனுடைய வாக்குமூலம் ஏற்கெனவே பாவித்துப் பழசாகியிருந்தது. நானும் பாவித்தேன். அந்த நன்மை எனக்குக் கிடைத்தது, குற்றமற்றதாகக் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் வைத்திருக்கும் தராசு எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. காசுக்காகச் சொல்லும் பொய் கேவலமானது, உயிருக்காகச் சொல்லும் பொய் மன்னிக்கத்தக்கது என்கிறோம். மன்னிக்கத்தக்கது என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அன்று கிணற்றடியில் கிடந்தவனுக்குத் துரோகம் செய்தவனாவேன். ஆனால் எது பாரமானது என்பது வேறு கேள்வி. 190 டொலர் பொய்யை நான் சொல்லியிருந்தால் அரசாங்கத்தின் பெட்டியில் 190 டொலர் குறைந்திருக்கும். மற்றப் பொய்யில் என்ன குறைந்தது, யாரிடமிருந்து குறைந்தது என்று எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. சிறியதை மறுத்ததன் மூலம் பெரியதற்கு வட்டி கட்டப் பார்த்தேனா? அப்படித்தான் இருக்க வேண்டும். அல்லது வெறும் பயமா? பொய் விலை பிடிபட்டால் காரைப் பறிமுதல் செய்வார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பிரித்துவிட்டதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

2004 டிசம்பர் 29இல் கனடாவும் அமெரிக்காவும் ஓர் உடன்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கனடாவில் நெருங்கிய உறவினர் இருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, அந்தப் பாலத்தால் வந்து தஞ்சம் கேட்பவனை வந்த வழியே திருப்பி அனுப்பலாம். 2023 மார்ச் 25 முதல், பாலத்தைத் தவிர்த்துக் காட்டாலும் ஆற்றாலும் வருகிறவனுக்கும் இதே விதி. நான் இன்று வந்திருந்தால் உண்மையோ பொய்யோ சொல்வதற்கு எனக்கு அறையே கிடைத்திராது. காருக்கு 72 மணித்தியாலமும் 45 நாளும் இப்போதும் இருக்கின்றன.

அடுத்த வீட்டு மாமியை 1996இல் மகள் கனடாவுக்கு எடுப்பித்தார். ஸ்காபரோவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். 2011 மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தில், பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் அவரைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பின்சீற்றில் இருந்தார். கம்பளிக் கையுறையோடு கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, கார் புதுசோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி, பழசுதான். அமெரிக்காவில வாங்கிப் பாலத்தால கொண்டந்தது."

"களவாயோ?"

"இல்லை மாமி. உள்ள விலையைச் சொல்லி, வரி கட்டி, எல்லாம் முறைப்படிதான்."

"அப்பிடியெண்டால் சரி," என்றார். "நீ சின்னனிலையும் பொய் சொல்லாத பிள்ளை. அவன்தான் எல்லாத்துக்கும் பொய் சொல்லுவான்."

கோயில் வாசலில் அவரை இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடி இரண்டு தரம் சுற்றினேன்.