எது நாற்றம்?

 

பெங்களூரில் வாழும் நம் சங்கத்து உபாசிகை ஒருவர், பௌர்ணமி வழிபாடு முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, என் வீட்டு மாடியில் நாகாலாந்துப் பெண்கள் இருவர் குடியிருக்கின்றனர். வாடகை தவறுவதில்லை, குரல் உயர்த்திப் பேசுவதுமில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அவர்கள் சமைக்கும் பண்டத்தின் நாற்றத்திற்காகத் தெருவார் என்னை ஏசுகின்றனர். காலி செய்யச் சொல்லிவிடலாமா?" என்று வினவினார்.

உண்மையை மறையேன். "உங்கள் வீடு, உங்கள் விருப்பம், அம்மா" என்னும் சொல் என் நாநுனிவரை வந்துவிட்டது. அப்பொழுது எனக்கு என் ஆலை நினைவுக்கு வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், இரவு ஷிப்டில், உணவுக்கொட்டகையில் என் தூக்குச்சட்டியைத் திறந்தேன். என் தாயார் வறுத்துக் கொடுத்த உப்புக்கண்டம் அதில் இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போயினர். மறுநாள் முதல் பஞ்சுப்பொதிகளின் பின்னே, யாரும் காணாதபடி உண்டேன். என் தாயின் சமையலுக்காக நான் வெட்கினேன். அந்த வெட்கத்தை என்மேல் சுமத்தியவர்களைக் காட்டிலும், அதை ஏற்றுக்கொண்ட என்னையே இன்றும் நொந்துகொள்கின்றேன்.

அப்பெண்கள் சமைப்பது யாது? அகுனி என்பது அதன் பெயர். சூமி நாகர் சோயா மொச்சையை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பின் அருகே சில நாள் வைத்துப் புளிக்கச் செய்வர். மணிப்பூரின் ஹவாய்ஜார், காசி மலையின் துங்ரிம்பாய், சிக்கிமின் கினேமா, சப்பானியரின் நாட்டோ யாவும் இதற்கு உறவுப் பண்டங்களே. நாமும் இட்டிலி மாவைப் புளிக்கவைக்கின்றோம். பழஞ்சோற்றை அமிர்தம் என்கின்றோம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது நம் தெரு மணப்பதை நாம் அறியோமா? பழகிய மூக்கிற்கு மணமாயிருப்பது பழகாத மூக்கிற்கு நாற்றமாகின்றது. அவ்வளவே.

ஆயினும் இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. வடகிழக்கிலிருந்து படிப்பையும் பிழைப்பையும் தேடிப் பெருநகரங்களுக்கு வருவோர், உணவின் பொருட்டு வீடு மறுக்கப்படுகின்றனர். 2007இல் தில்லிக் காவல்துறை வெளியிட்ட கையேடு, அகுனி, மூங்கிற்குருத்து முதலியவற்றை அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழாவண்ணம் சமைக்குமாறு அவர்களுக்கே அறிவுரை கூறிற்று. இகழ்ந்தவர்க்கு அன்று, இகழப்பட்டவர்க்கே அறிவுரை! 2012 ஆகத்தில், தாக்கப்படுவோம் என்னும் வதந்தியால் நடுங்கி, பல்லாயிரவர் இதே பெங்களூரைவிட்டு இரயிலேறினர். 2014இல் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் தில்லிக் கடைத்தெருவில் தோற்றத்திற்காக ஏளனம் செய்யப்பட்டு, அடியுண்டு, மாண்டார். மூக்கைப் பொத்துவதில் தொடங்கும் இகழ்ச்சி எங்கே போய் முடிகின்றது என்று பாருங்கள்.

இனித் தம்மம் கூறுவதைக் கேளுங்கள். சுத்த நிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என ஒன்றுண்டு. ஆமகந்தம் என்றால் புலால் நாற்றம். ஊன் கலந்த சோற்றை உண்டுவிட்டு, நாற்றம் எமக்கில்லை என்பது எவ்வாறு பொருந்தும் என்று கசபப் புத்தரை அந்தணர் ஒருவர் வினவுகின்றார். அதற்கு அப்பெருமான், கொலையும் களவும், பொய்யும் வஞ்சனையும், கடுஞ்சொல்லும் புறங்கூறலும், செருக்கும் பொறாமையுமே நாற்றம், உண்ணும் ஊன் நாற்றமன்று என்று விடையளிக்கின்றார். நாற்றத்தைச் சட்டியில் தேடியவரை உள்ளத்தில் தேடுமாறு திருப்பிவிட்டார். பிக்குவின் திருவோட்டையும் எண்ணுங்கள். இட்டவர் எக்குலம் என்று அது கேட்பதில்லை. கொல்லனாகிய சுந்தன் இட்ட உணவே பகவானின் இறுதி உணவாயிற்று. அதன்பொருட்டுச் சுந்தனை யாரும் பழிக்கலாகாது என்பதிலும் பகவான் கருத்தாயிருந்தார்.

உணவைக் காட்டி மனிதனைத் தீண்டத்தகாதவனாக்கிய கதையைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் தம் நூலில் ஆராய்ந்தார். அது நம் முன்னோரின் கதை. அதை அறிந்த நாமே மாடிப்படியில் நின்று மூக்கைப் பொத்தினால், திரிசரணம் ஏற்றதன் பயன் யாது?

இவற்றை அந்த உபாசிகையிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் அம்மாவும் கருவாடு விற்றவர்தான், ஐயா" என்றார். அப்பெண்கள் இன்றும் அம்மாடியிலேயே இருக்கின்றனர். எந்நாளில் சமைப்பது, எந்தச் சாளரத்தைத் திறப்பது என்று இரு வீட்டாரும் உடன்பட்டனர். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. மணம் கடிது, பொய்யுரையேன், நான்காம் சீலம் தடுக்கின்றது. ஆயினும் சோற்றோடு முழுவதும் உண்டேன்.

அன்பர்களே! வாடகைக்கு விட வீடுள்ளவர்கள் உணவைக் கேட்டுக் கதவடையாதீர். ஆலையிலும் அலுவலகத்திலும் தனித்துண்ணும் பிள்ளையைக் கண்டால் அருகில் சென்று அமருங்கள். உங்கள் குழம்பில் சிறிது அவர்க்கும், அவர் உணவில் சிறிது உங்களுக்குமாகப் பகிர்ந்துண்ணுங்கள். மைத்திரி தியானம் செய்யும் நாளில், முன்பின் அறியாத அந்த அயலாரையும் நெஞ்சில் நிறுத்துங்கள்.

சாது! சாது! சாது!