ஒப்புருவும் உண்மையும்

பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். பெருந்தேர் ஓடக் கண்ட குழந்தை தனக்கென ஒரு சிறுதேரை விரும்புகிறது. கிடைத்ததும் தெருப்புழுதியில் உருட்டி மகிழ்கிறது. அத்தேரின் சக்கரம் சற்றே கோணலாயினும், பெருந்தேரின் சிற்பங்களுள் ஒன்றேனும் அதில் இல்லையாயினும், குழந்தை குறை கூறுவதில்லை. உருண்டால் போதும், அது தேர்தான்.

அளவு விகிதம் பிசகாமல் அமைக்கப்படும் ஒப்புருவின் நிலை வேறு. அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், ‘மூலப்பொருள் இவ்வாறு இருந்தது’ என்று சான்று கூற முன்வருகிறது. சான்று கூற வந்தவருக்கு உண்மை ஒரு கடமையாகிறது. அக்கடமை எதுவரை செல்லும்? உள்ளதை உள்ளவாறே காட்டுவதுதான் உண்மையா? உள்ளதில் ஒன்று தீங்கு பயப்பதாயின் அதை விலக்குவது பொய்யாகுமா? இவ்வினா அறநூல் கற்போருக்கு மட்டும் உரியதன்று. சிறிய பந்தயக் கார் ஒன்றை அமைத்து வண்ணம் தீட்டும் மாணவனின் மேசைமீதும் அது வந்து நிற்கிறது.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1967ஆம் ஆண்டில் ஹோண்டா பந்தயக் காரின் ஒப்புருவைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. அதன்பின் அத்தகைய பெட்டிகள் உலகெங்கும் பல இளைஞரின் கைகளை எட்டின. பெட்டியைத் திறந்தால் முழுமையான கார் இராது. பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான சிற்றுறுப்புகள் காய்த்துத் தொங்குவதுபோல் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய வடுவை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். இணைத்துப் பார்த்து, பொருந்திய பின்னரே பசையிட வேண்டும்.

பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் அளவில் கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அப்பிழை மெய்யான காரில் 12 மில்லிமீட்டர் பிசகியதற்கு ஒப்பாகும். வண்ணத்திற்கும் இதே கணக்கு உண்டு. ஒப்புருவின்மீது 0.1 மில்லிமீட்டர் கனத்தில் வண்ணம் பூசினால், அது மெய்யான காரின்மீது 1.2 மில்லிமீட்டர் கனத்தில் அப்பியது போலாகும். விளிம்புகள் மழுங்கும், நுண்ணிய கோடுகள் மறையும். ஆகவே, முதலில் அடிப்பூச்சு இட்டு, அது காய்ந்தபின் நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிப்பர். ஒரு படலம் உலர்வதற்குள் அடுத்ததைத் தெளித்தால் மேற்பரப்பு சுருங்கிக் கெடும். பொறுமை என்னும் பண்பை இக்கலை வாய்ச்சொல்லால் கற்பிப்பதில்லை. பொறுமையிழந்தவனின் வேலையைக் கெடுத்தே கற்பிக்கிறது.

இவ்வளவு முயற்சியும் எதன்பொருட்டு? ஒப்புரு மூலத்திற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதன்பொருட்டு. தேர்ந்த கைவினைஞன், மூடிக்கு அடியில் மறைந்துவிடும் குழாய்க்கும் உரிய நிறத்தைத் தேடுவான். பழைய புகைப்படங்களை ஒப்பிட்டு, இன்ன நாட்டில் இன்ன நாளில் ஓடிய கார் எவ்வாறு இருந்தது என்று ஆராய்வான். அவனளவில் அந்தச் சிறு கார் ஒரு வரலாற்று ஏடு.

அவ்வாறு பலரும் விரும்பி அமைக்கும் கார்களுள் ஒன்று, லோட்டஸ் 72. காலின் சாப்மன், மாரிஸ் பிலிப் ஆகியோர் உருவாக்கிய இக்கார் 1970ஆம் ஆண்டில் களம் இறங்கியது. காற்றைப் பிளக்கும் ஆப்பைப் போன்ற முகப்பும், இரு பக்கங்களிலும் அமைந்த குளிர்விப்பான்களும் அதன் சிறப்புகள். தடுப்புக் கருவிகளைச் சக்கரத்தினுள் வைக்காமல், காரின் உடலோடு சேர்த்து வைத்து, தண்டு ஒன்றினால் சக்கரத்தோடு இணைத்திருந்தனர். 1970 செப்டம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மோன்ஸா களத்தில், பந்தயத்திற்கு முந்தைய ஓட்டத்தின்போது யோகன் ரிண்ட் இக்காரில் உயிர் நீத்தார். முன்சக்கரத் தடுப்போடு இணைந்த தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று கருதப்பட்டது. அதுவரை அவர் ஈட்டியிருந்த புள்ளிகளை அவ்வாண்டில் வேறெவரும் கடக்கவில்லை. இறந்தபின் உலக வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவரே.

ஒப்புருவை அமைக்கும் மாணவன் அந்தத் தண்டையும் பசையிட்டு ஒட்டுகிறான். தீக்குச்சியைப் போன்ற அச்சிறு துண்டு தன் வரலாற்றைத் தானே சொல்வதில்லை. அளவு சரி, நிறம் சரி, ஆயினும் ஓர் உயிரின் முடிவு அதனுள் எழுதப்படவில்லை. வடிவத்தை எவ்வளவு நுணுக்கமாகப் படியெடுத்தாலும் அது ஊமைச் சான்றாகவே இருக்கிறது. இவ்வுண்மையை நினைவில் இருத்திக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும்.

வண்ணம் உலர்ந்தபின் வருவது, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படத்தாள்களின் முறை. எண்களும் கொடிகளும் நிறுவனப் பெயர்களும் அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். லோட்டஸ் 72 காரின் 1972ஆம் ஆண்டுத் தோற்றம் கருமையும் பொன்னிறமும் கலந்தது. அவ்வாண்டில் எமர்சன் ஃபிட்டிபால்டி தம் 25ஆம் வயதில் அதை ஓட்டி உலக வெற்றியாளரானார். பந்தய வரலாற்றின் அழகிய கார்களுள் ஒன்று என்று இன்றும் போற்றப்படும் அதன் மேனியில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது ஒரு சிகரெட்டின் பெயர்: ஜான் பிளேயர் ஸ்பெஷல்.

அப்பெயர் அங்கு வந்த வரலாறு சிந்திக்கத் தக்கது. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் மருத்துவர் கழகம் 1962ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. 1968ஆம் ஆண்டில், பிரிட்டனின் பந்தயக் கார்களுக்கு மரபாக உரிய பச்சை நிறத்தைக் களைந்துவிட்டு, கோல்ட் லீஃப் என்னும் சிகரெட்டின் சிவப்பும் வெண்மையும் பொன்னிறமும் பூண்டு லோட்டஸ் கார் ஓடத் தொடங்கியது. முன்வாயில் அடைபட்டபின் பக்கவாயில் திறந்தது. பந்தயத்தைக் காட்டிய திரைகளிலெல்லாம் சிகரெட்டின் பெயரும் உடன் ஓடியது.

நாடுகள் பின்னர் விழித்துக்கொண்டன. சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டிலேயே புகைத்தல் விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பிரான்ஸ் 1991ஆம் ஆண்டில் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஆயினும், 1999ஆம் ஆண்டில் மலேசியாவின் சிப்பாங் களத்தில் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோதும் சிகரெட் பெயர் தாங்கிய கார்கள் சீறிப் பாய்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்புருப் பெட்டிகளும் இதற்கு விலக்கல்ல. பழைய கார்களின் ஒப்புருக்கள் மீண்டும் வெளிவரும்போது, அவற்றின் படத்தாள்களில் சிகரெட் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அப்பெயர்களை மட்டும் தனியே அச்சிட்டு விற்போரும் இருக்கின்றனர். ஆகவே, ஒட்டுவதா விடுவதா என்னும் முடிவு அமைப்பவனின் கைக்கே வந்து சேர்கிறது.

‘ஒட்டுக’ என்பார் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நடந்ததை நடந்தவாறு காட்டுவதே சான்றின் இலக்கணம். அப்பெயரை நீக்கிவிட்டால், புகையிலைப் பணம் பந்தயத்தை விலைக்கு வாங்கிய காலமே இல்லையென்ற மயக்கம் பிறக்கும். நீக்கியதனால் நன்மை யாருக்கு? தீங்கு செய்த வணிகத்தின் கைத்தடம் துடைக்கப்படுகிறது. அழகிய கார் மட்டும் மிஞ்சுகிறது. குற்றத்தின் அடையாளத்தை அழிப்பது குற்றவாளிக்குச் செய்யும் உதவியாகவும் முடியலாம்.

‘விடுக’ என்பார் கூறுவதும் வலிமையுடையதே. வரலாற்று ஏடு நூலகத்தில் இருக்கிறது. ஒப்புருவோ வீட்டு அலமாரியில், சிறு பிள்ளைகளின் கண்ணெதிரே இருக்கிறது. விளம்பரம் எதை நாடுகிறது? அழகோடும் வேகத்தோடும் வீரத்தோடும் ஒரு பெயரைப் பிணைத்துப் பிஞ்சு மனத்தில் பதிப்பதையே நாடுகிறது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவ்வணிகத்தின் பெயரைக் கூலியின்றித் தன் கையாலேயே பொறித்து, பல்லாண்டுகள் தூசி தட்டிக் காக்கும் பணியை ஒருவன் ஏன் ஏற்க வேண்டும்?

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கிறது. எழுத்தை மட்டும் நீக்கிவிட்டால் விளம்பரம் நீங்கிவிடுமா? கருமையும் பொன்னிறமும் யாருடையவை? சிகரெட்டுப் பெட்டியின் நிறங்களே காரின் மேனிக்கு வந்தன. பல நாள் பொறுமையோடு படலம் படலமாகத் தெளித்துப் பளபளக்கச் செய்த அந்தக் கருமையே விளம்பரத்தின் பெரும்பகுதி. எழுத்தை விட்டவன் தான் தூய்மையாகிவிட்டதாக எண்ணலாம். நிறமோ பழைய செய்தியை ஓசையின்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிறத்தையும் மாற்றினாலோ, அது லோட்டஸ் 72 காரின் 1972ஆம் ஆண்டுத் தோற்றமாகாது. வேறொரு கற்பனைக் கார் ஆகிவிடும். முழு உண்மையும் கிட்டவில்லை. முழுத் தூய்மையும் கிட்டவில்லை.

இவ்விடத்தில் வள்ளுவர் வழிகாட்டுகிறார். வாய்மைக்கு அவர் வகுத்த இலக்கணத்தில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைத்தல் என்பது முதன்மை பெறவில்லை. பிற உயிர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று அவர் வரையறுக்கிறார். இதைக் கொண்டு ‘தீங்கு தருவதை மறைத்துவிடலாம்’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஆனால், வள்ளுவர் தீங்கை அளந்து பார்க்கச் சொல்கிறாரேயன்றி மறதியை வளர்க்கச் சொல்லவில்லை. ஒன்றைக் காட்டுவதால் தீங்கு விளையலாம். மறைப்பதாலும் தீங்கு விளையலாம். புகையிலை வணிகத்தின் சூழ்ச்சியை அறியாத தலைமுறை அடுத்த சூழ்ச்சிக்கு எளிதில் இரையாகும்.

ஆகவே, மறைத்தல் வேறு. விலக்குதல் வேறு என்னும் தெளிவு வேண்டும். இருந்ததை இல்லாததுபோல் காட்டி வாய்மூடி இருப்பது மறைத்தல். இருந்ததை இருந்ததாகச் சொல்லி, ‘அதை இங்கு வேண்டுமென்றே இடவில்லை’ என்று அறிவிப்பது விலக்குதல். முன்னது காண்போரை ஏமாற்றுகிறது. பின்னது காண்போரை மதிக்கிறது. பள்ளி மாணவருக்கென்று பெருங்காப்பியத்தைச் சுருக்கி எழுதும் ஆசிரியர் செய்வதும் இதுவே. அட்டையில் ‘சுருக்கம்’ என்று அச்சிட்டால் அது நேர்மை. அச்சிடாமல் அதுவே காப்பியம் என்று கொடுத்தால் அது மோசடி. இரண்டு நூல்களிலும் பக்கங்கள் ஒன்றாகவே இருக்கலாம். அட்டையில் உள்ள ஒரு சொல் அறத்தையும் அறமின்மையையும் பிரித்துவிடுகிறது.

ஒப்புரு ஊமைச் சான்று என்று முன்னர்க் கண்டோம். முறிந்த தண்டின் துயரை அது சொல்லவில்லை. கருமையும் பொன்னிறமும் யாருடைய காசுக்கு வந்தன என்பதையும் அது சொல்லவில்லை. பெயரை ஒட்டினாலும் சொல்லாது, ஒட்டாவிட்டாலும் சொல்லாது. வடிவம் சொல்லாததைச் சொல்ல மனிதனின் சொல்லே வர வேண்டும். ஒப்புருவைத் தாங்கும் பலகையின்மீது பெயர்ச்சீட்டு ஒன்று வைப்பது கைவினைஞரின் வழக்கம். காரின் பெயரும் ஆண்டும் எழுதும் அச்சீட்டில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் உண்டு. ‘இக்காரின் இருபுறமும் ஒரு சிகரெட்டின் பெயர் இருந்தது. இதன் நிறமும் அதனுடையதே. பெயர் இங்கு இடப்படவில்லை’ என்று எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. பெரியோர் மட்டும் காணும் காட்சிக்கூடத்தில் பெயரை ஒட்டியே வைத்தாலும், அது ஏன் அங்கு வந்தது என்பதை அதே சீட்டு கூற வேண்டும். சிறுவர் கூடும் பள்ளியிலும் வீட்டிலும் பெயரை விலக்குவதே தக்கது. எவ்வழியைத் தேர்ந்தாலும் விளக்கச் சொல்லைத் தவிர்க்க இயலாது.

பத்து விரல்களின் திறமையால் ஒரு காரைச் சிறியதாக்கலாம்; அதன் எடையைக் குறைக்கலாம்; அதன் ஓசையை அடக்கலாம். அதற்குரிய பொறுப்பை மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்க முடியாது. கறுப்பு வண்ணம் உலர்ந்து, தூரிகையைக் கழுவி வைத்தபின்னும் மாணவனுக்கு ஒரு வேலை மிஞ்சி இருக்கிறது. அது எழுதுகோலை எடுக்கும் வேலை.