கட்சி விசுவாசமும் பிழை பொறுத்தலும்

ஊழல் குற்றத்துக்காக நீதிமன்றம் தண்டித்த ஒருவரிடம் அவருடைய கட்சித் தோழர்கள் எத்தகைய விசுவாசம் காட்ட வேண்டும் என்னும் கேள்வி, அரசியல் உத்தியைப் பற்றியதாகத் தோன்றினாலும், அடிப்படையில் நட்பின் எல்லையைப் பற்றிய அறவியல் கேள்வியே ஆகும். திருக்குறள் இதற்கு ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இரு விடைகளைத் தருகிறது. நண்பர் நெறி கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதே நட்பின் பயன் என்கிறது ‘நட்பு’ என்னும் 79ஆம் அதிகாரம். நெடுநாள் நண்பர் கேடு தரும் செயலையே செய்தாலும் அன்பு குன்றாதிருத்தலைப் போற்றுகிறது ‘பழைமை’ என்னும் 81ஆம் அதிகாரம். பழைமையாவது, நட்பின் நீண்டகால உரிமை கருதி நண்பர் செய்த பிழையைப் பொறுத்தல் என்பது உரையாசிரியர் கொள்ளும் பொருள்.

பிழையால் இழப்பவர் யார் என்று நோக்கினால் இம்முரண் நீங்கும். பழைமை அதிகாரம் பேசுவது, நண்பர் உரிமையோடு கேளாமல் செய்தவற்றையும் அவரால் தனக்கு நேர்ந்த கேட்டையும் ஒருவர் தாமே பொறுத்துக்கொள்வதைப் பற்றியே. அங்கே இழந்தவரும் பொறுப்பவரும் ஒருவரே. ஊழலிலோ இழப்பு பொதுமக்களுடையதாகவும் பொறுக்க முன்வருபவர் கட்சிக்காரராகவும் இருப்பதால், தமக்கு உரிமையில்லாத மன்னிப்பை அவர் வழங்குபவராகிறார்.

எடுத்துக்காட்டாக, 1991 முதல் 1996 வரையிலான காலத்தில் வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. இரண்டு நாள் கழித்து, அவருக்குப் பதிலாக முதலமைச்சரான அவர் கட்சியின் ஓ. பன்னீர்செல்வமும் அமைச்சர்கள் சிலரும் கண்ணீருடன் பதவியேற்றனர். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கில் உடன் தண்டிக்கப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை உறுதிசெய்தபோது, ஜெயலலிதா முன்னரே காலமாகியிருந்தமையால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போயிற்று.

தீர்ப்புகள் இவ்வாறு மாறக்கூடுமாதலால், மேல்முறையீடு முடியும்வரை தோழரின் குற்றமின்மையை நம்புவதற்குக் கட்சிக்காரருக்கு இடமுண்டு. ஆயினும் அந்நம்பிக்கை பதவிக்கு அரணாக முடியாது. பதவியிலிருக்கும் மக்கள் பிரதிநிதி மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை தகுதியிழப்பு நேராது என்றிருந்த, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் செல்லாதென அறிவித்தது. ஒருவரின் குற்றம் இறுதியாக முடிவாவதும், அதற்கிடையே அவர் பொதுப் பொறுப்பில் நீடிப்பதும் வெவ்வேறு என்பதே இதன் உட்பொருள்.

விசுவாசத்துக்குச் சான்றாகச் செஞ்சோற்றுக்கடன், அதாவது உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்தேனும் நன்றி செலுத்தும் கடமை, காட்டப்படுவதுண்டு. ஆனால் கம்பனின் கும்பகருணன், இராவணன் செய்தது தவறென்று அவையிலேயே கூறிய பிறகே அவனுக்காகப் போரிட்டு மடிந்தான். கொடுத்ததும் தன் உயிரையே. அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் பெறும் ஊதியம் மக்கள் வரிப்பணத்திலிருந்து வருவதால், அவர்கள் உண்ணும் சோற்றின் கடன் தலைவருக்கு அன்றி மக்களுக்கே உரியது.

ஆகவே தண்டிக்கப்பட்ட தோழரைச் சிறையில் காண்பதும், அவர் குடும்பத்துக்குத் துணைநிற்பதும், சொந்தப் பொருளால் வழக்குச் செலவுக்கு உதவுவதும் நட்பின் கடமைகளாக எஞ்சும். தீர்ப்பைச் சதியெனத் தூற்றுவதும், அவருக்காகப் பதவியைக் காத்துவைப்பதும் அவ்வாறு ஆகா. இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவரின்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. அது கட்சிக்கும் பொருந்துமாயின், உட்கட்சியில் கணக்குக் கேட்கத் துணிந்தவரைத் துரோகியென விலக்கும் அமைப்பில், விசுவாசம் தவறுவது தீர்ப்பு நாளில் அன்று, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆகும்.