சிறுவன் கொண்டுவந்த பூசைப் பணம்



சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் பூசை முடிந்து நான் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தபோது, ஞானோபதேச வகுப்புச் சிறுவன் ஒருவன் வாசற்படியில் வந்து நின்றான். கையில் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள் சில. "சாமி, செத்துப்போன ஆத்துமத்துக்குப் பூசை வைக்கணும்" என்றான். குறிப்பேட்டைத் திறந்து, பெயரென்ன என்று கேட்டேன். "பஞ்சு" என்றான். "யாரப்பா, உன் பாட்டியா?" என்றேன். "இல்லை சாமி, எங்க கினிப் பன்றி" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். பையன் பணத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனான்.

என் பிரியமானவர்களே, அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் என் மனச்சாட்சியை உறுத்திற்று. சாயந்தரம் அவன் வீட்டிற்குப் போனேன். "ஒரு வாரமாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை சாமி, வேறே ஒன்று வாங்கித் தருகிறோம் என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறான்" என்றார் தாய். "எலி செத்ததற்கு இவ்வளவு அழுகையா?" என்றார் உறவினர் ஒருவர். சிறுவனைத் தனியே அழைத்து, காலையில் சிரித்ததற்காக என்னை மன்னிக்கும்படி முதலில் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகே அவன் வாய் திறந்தான். முந்திய ஞாயிறு காலையில் கூண்டைக் கழுவி மொட்டை மாடியில் வைத்திருக்கிறான். கோவில் மணி அடித்ததும் எல்லாவற்றையும் மறந்து ஓடிவந்துவிட்டான். பூசையும் ஞானோபதேசமும் முடிந்து திரும்பியபோது, வெயிலேறிய கூண்டுக்குள் அந்த ஜீவன் அசைவற்றுக் கிடந்தது. "நான்தான் கொன்னேனா சாமி? கோவிலுக்குத்தானே வந்தேன்?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கினிப் பன்றி நம் நாட்டுப் பிராணியன்று. சீமைப் பெருச்சாளி என்றும் அதைச் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளே அதன் பூர்வீகம். குளிரைத் தாங்கும் அந்த உடலுக்கு உஷ்ணம் ஆகாது. 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து. இதை அந்தச் சிறுவன் அறியான், வாங்கிக் கொடுத்தவர்களும் அறியார். சாவான பாவத்திற்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அவனிடம் அறிவுமில்லை, சம்மதமுமில்லை, மறதி மாத்திரமே இருந்தது. ஆகவே, "நீ கொலைகாரனல்ல" என்று திட்டமாய்ச் சொன்னேன். ஆனால் நம்மை நம்பி வாழும் ஜீவனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று விசாரித்தறிவது நம் கடமை. அந்தக் கடமை குழந்தையைவிடப் பெற்றோருக்கே அதிகம்.

அப்படியானால் பஞ்சுவுக்குப் பூசை வைக்கலாமா? மரித்தவர்களுக்காக நாம் பூசை ஒப்புக்கொடுப்பது, அவர்கள் பாவங்களின் கடன் தீர்ந்து உத்தரிக்கிற ஸ்தலத்தினின்று மீட்கப்படவேண்டுமென்று. கினிப் பன்றி பாவம் செய்ததுமில்லை, கடன்பட்டதுமில்லை. அதற்கு உத்தரிப்பும் இல்லை. மிருகத்தின் உயிர் உடலோடு முடிகிறதென்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்தார். ஆயினும், சிருஷ்டிகள் ஒவ்வொன்றும் புது ஒளி பெற்று நித்திய வாழ்வில் தனக்குரிய இடத்தை அடையும் என்ற பொருளில், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியிருக்கிறார். எல்லாச் சிருஷ்டியும் விடுதலைக்காக ஏங்கித் தவிக்கிறதென்று அர்ச். சின்னப்பரும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8-ம் அதிகாரத்தில் சொல்லுகிறார். பஞ்சுவை மறுபடியும் காண்பாய் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. காணவே மாட்டாய் என்று சொல்லவும் அதிகாரமில்லை. அதை உண்டாக்கியவர் கையில் அதை விட்டுவிடுவோம். ஐந்து குருவிகளை இரண்டு காசுக்கு விற்கிறார்களே, அவற்றில் ஒன்றையும் சர்வேசுரன் மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் சொல்லவில்லையா?

"மனிதர் பட்டினியாலும் வியாதியாலும் சாகும்போது ஒரு பிராணிக்காக அழுவதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்கு ஒழுங்கு வகுத்திருக்கிறது. மிருகங்களை நேசிக்கலாம். அவற்றை வீணாய் வதைப்பது மனித மாண்புக்கே விரோதம். ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் கொட்டுவதும், ஏழைக்குச் சேரவேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடுவதும் தகாது. செல்லப் பிராணிக்குப் பட்டு மெத்தை போட்டுவிட்டு, வீட்டு வேலைக்காரம்மாளுக்குக் கூலி பாக்கி வைப்பவன் தன் மனச்சாட்சியைச் சோதிக்கட்டும்.

ஆயினும் இரக்கம் என்பது, அளந்து போட்டால் தீர்ந்துபோகும் அரிசியன்று. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனைக் கண்டிக்க வந்தபோது எந்தக் கதையைச் சொன்னார்? ஓர் ஏழை தன் மகளைப்போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையை அல்லவா? ஊரியாவின் சாவுக்குக் கலங்காத நெஞ்சு அந்த ஆட்டுக்குட்டிக்காகக் கொதித்தது. அந்த வழியாகவே அரசன் தன் பாவத்தைக் கண்டான். தொபியாஸ் வாலிபன் பிரயாணம் புறப்பட்டபோது இரபாயேல் சம்மனசோடு அவன் நாயும் கூடப் போயிற்று. திரும்புகையில் அது வாலை ஆட்டிக்கொண்டு முன்னே ஓடிவந்ததாக லத்தீன் வேதாகமம் சொல்லுகிறது. பரிசுத்த ஆவியானவர் ஒரு நாயின் வாலையும் எழுதிவைக்கச் சித்தமானார். குழந்தையின் கண்ணீரை நாம் அற்பமென்று தள்ளலாமா?

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அநேகம் பிள்ளைகள் சாவை முதன்முதலாகச் சந்திப்பது இப்படி ஒரு சின்ன ஜீவனிடத்தில்தான். "ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். மறுநாளே வேறொன்று வாங்கிக் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். நேசித்த ஒன்றைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்றல்லவா அதனால் பிள்ளை கற்கும்! நான் சிரித்ததுபோல் சிரிக்கவும் வேண்டாம். இன்று கினிப் பன்றிக்கு அழுது பரிகாசப்பட்ட பிள்ளை, நாளை பெரிய துக்கத்தை உங்களிடம் கொண்டுவரமாட்டான். பக்கத்தில் உட்காருங்கள். சேர்ந்து புதையுங்கள். இத்தனை நாள் இந்தச் சந்தோஷத்தைத் தந்தீரே என்று சர்வேசுரனுக்குச் சேர்ந்தே நன்றி சொல்லுங்கள்.

அன்று நாங்களும் அப்படியே செய்தோம். முருங்கை மரத்தடியில் பஞ்சுவைப் புதைத்த இடத்தில் நின்று, வீட்டார் எல்லோருமாய் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். சிரித்த உறவினரும் தலைகுனிந்து நின்றார். பூசைப் பணத்தைப் பையனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வாரம் அதில் அவன் ஒரு மண் சட்டி வாங்கி, மொட்டை மாடி நிழலில் குருவிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தான். காலை மணி அடிப்பதற்கு முன்னே தண்ணீரை மாற்றிவிட்டே கோவிலுக்கு வருகிறான் என்று அவன் தாய் சொன்னார்.

சிறியதை நேசிக்கத் தெரிந்த நெஞ்சை நம் எல்லோருக்கும் ஆண்டவர் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்