குட்டியா, வளர்ந்த பூனையா?

குன்றத்தூர், மாங்காடு, கோவூர் பக்கமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவருகின்றன. வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறும்போது சாமான்கள் எல்லாம் வண்டியேறுகின்றன. சில வீடுகளில் பூனை மட்டும் படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறது. அப்படிக் கைவிடப்பட்டு, யாரோ மீட்டெடுத்த 4 வயதுப் பூனை ஒன்றும், தாய்ப்பால் மறந்த குட்டி ஒன்றும் தத்துக்குக் காத்திருந்தால் எதை வீட்டுக்கு அழைத்து வருவது? பெரும்பாலான கைகள் யோசிக்காமலே குட்டியிடம் நீள்கின்றன. இது யோசிக்க வேண்டிய இடம்.

குட்டியை விரும்புவோர் சொல்வதில் நியாயம் உண்டு. பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர் கை பட்டு வளரும் குட்டி ஆளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். தாயை இழந்த பால்குடிக் குட்டியோ தெருவில் தானாகப் பிழைக்காது. அதைக் கண்டவர் எடுத்துக் காப்பாற்றுவது கடமை. ஆனால், தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து, அநாதை என்று நினைத்துத் தூக்கி வந்து பசும்பால் ஊற்றினால் குட்டிக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். 8 வாரமாவது அது தாயோடு இருக்க வேண்டும்.

காப்பகத்தில் கணக்கு வேறு. 1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் விலங்குகளைத் தத்துக் கொடுக்கின்றன. இத்தகைய இடங்களில் ஒருவர் விட்டுச்சென்ற குட்டியை இன்னொருவர் விரைவில் கேட்டு வருவார். வளர்ந்த பூனையைக் கேட்டு வருபவர் குறைவு. எனவே தத்தெடுக்கப் போகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நான் வேண்டாம் என்றால் இந்த உயிருக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை எடைபோட ஒரு பழைய கதை உதவும். சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் வரலாற்றை அவர் பெரியபுராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே வைத்தார். மகன்மேல் அரசனுக்கு அன்பு இல்லாமலில்லை. அந்த அன்பைக் கொண்டு பசுவின் இழப்பை எடைபோட அவன் மறுத்தான். நம் ஆசை எவ்வளவு பெரிதானாலும் இன்னோர் உயிரின் தேவைக்கு அது அளவுகோல் ஆகாது. அந்தப் பசுவாவது நீதி கேட்டு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கூண்டு மூலையில் முகம் திருப்பிப் படுத்திருக்கும் பூனைக்கு அசைக்க மணி இல்லை.

பெரிய பூனை பழகாது என்பார்கள். புது வீட்டில் அது முதலில் கட்டிலுக்கடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒடுங்கும். பகலில் தட்டைத் தொடாது. விளக்கணைத்த பிறகு வந்து மீனைத் தின்றுவிட்டு மறுபடி ஒளிந்துகொள்ளும். கையை நீட்டாமல் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் ஒருநாள் தானாக வந்து தலையை உரசும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், மாதங்களும் ஆகலாம். அதற்கு ஈடாக ஒரு வசதியும் உண்டு: அதன் குணம் முன்பே தெரிந்திருக்கும். குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ளும், தனியே இருக்குமா, கருத்தடை ஆகிவிட்டதா என்றெல்லாம் பராமரித்தவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், திரைச்சீலையில் ஏறி அடுப்பில் குதிக்கும் குட்டியை நாள் முழுக்கத் தனியே விடுவது குட்டிக்கே ஆபத்து.

குட்டிப் பருவம் ஓராண்டில் முடிந்துவிடும். வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். பெண் பூனை 5 மாதத்திலேயே சினையாகலாம். கருத்தடை செய்யாமல் விட்டு, ஈன்ற குட்டிகளை மீன் சந்தைப் பக்கம் விட்டுவரும் வீடுகளால்தான் காப்பகங்கள் நிரம்புகின்றன. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் இல்லையென்றாலும் அது துரோகமே.

ஆகவே, இடமும் பொறுமையும் உள்ள வீடு வளர்ந்த பூனையையே முதலில் கேட்க வேண்டும். குட்டியை எடுப்பவர், அது அழகு மாறி, நோயுற்று, முதுமையடையும் காலத்துக்கும் சேர்த்தே கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் உறுதி இல்லாதவர் எதையும் எடுக்காமல் இருப்பது நேர்மை. அவர் தன் தெருவில் திரியும் தாய்ப்பூனை ஒன்றின் கருத்தடைச் செலவை ஏற்றுக்கொண்டால், வீடு தேடி அலையப்போகும் பல குட்டிகளின் துன்பத்தை முன்கூட்டியே தடுத்தவர் ஆவார்.