எதிரே இருப்பவரின் முகம்

பவானி ஊருக்குள் நிலத்துக்கு மேலேயே ரயில் கிடையாது. ரயிலேற ஈரோட்டுக்குப் போகவேண்டும். பூமிக்கடியில் ஓடுவதாக எங்களிடம் உள்ளது ஒன்றே ஒன்று, அமுதநதி. கூடுதுறையில் காவிரியோடும் பவானியோடும் அது வந்து கலப்பதாக ஐதீகம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பாதாள ரயிலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். ஒரு புகைப்படப் புத்தகம் கிளப்பிவிட்ட கேள்விதான் காரணம்.

வாக்கர் எவன்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 1938 முதல் 1941 வரை நியூயார்க் பாதாள ரயிலில் போய் வந்து, எதிரே உட்கார்ந்திருந்தவர்களை அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடித்தார். காமிராவின் பளபளப்பான பாகங்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, அதை ஓவர்கோட்டுக்குள் மறைத்து, இரண்டு பொத்தான்களுக்கு நடுவே கண்ணாடி மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். விசைக்கம்பி கோட்டுக் கைக்குள் ஓடி உள்ளங்கையில் முடிந்தது. குறி பார்க்க வழியில்லை. வெளிச்சமும் மங்கல். தொப்பி வைத்த மாதர்கள், பத்திரிகை படிப்பவர்கள், அலுத்துப் போனவர்கள் என்று முகம் முகமாக விழுந்திருக்கிறது. பெட்டிக்குள் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வரும் கண் தெரியாத ஒருவரும் இருக்கிறார். அவருக்காக மட்டும் காமிராவை ஒளித்திருக்க வேண்டாம்.

இந்த முகங்களில் அப்படி என்ன இருக்கிறது? வீட்டாருக்குக் காட்டும் முகம், முதலாளிக்குக் காட்டும் முகம் எல்லாவற்றையும் சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்குவது போல இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் உறவுமில்லை, பகையுமில்லை. யாருக்காக முகத்தைத் தூக்கிப் பிடிப்பது? கேட்டுவிட்டு எடுத்தால் இது கிடைக்காது. "அம்மா, ஒரு படம்" என்றதும் முந்தானை சரியாகும். கூடவே முகமும் சரியாகிவிடும்.

அப்படியானால் அந்த உண்மை யாருடைய சொத்து? கண்டெடுத்தவருடையதா, முகத்துக்கு உடையவருடையதா? எவன்ஸ் அதைப் புத்தகமாக்கியது 1966-ல்தான். கால் நூற்றாண்டுத் தாமதத்தில் மனசாட்சிக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

ஹென்றி மூர் வேறு விதம். 1940-ல் லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில் ஜனங்கள் பாதாள ரயில் நிலையங்களில் படுத்துக்கொண்டார்கள். தண்டவாளம் போடாத சுரங்கம் ஒன்றில் இரண்டு வரிசையாக உறங்கியவர்களை அவர் தீட்டிய சித்திரம் பிரசித்தம். ஆனால் உறங்குகிறவர்கள் எதிரே நின்று அவர் வரையவில்லை. அது அத்துமீறல் என்று நினைத்தார். ஒதுங்கிப் போய் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, பிறகு ஞாபகத்திலிருந்து தீட்டினார். அவருடைய உருவங்களில் இன்னார் என்று யாரையும் அடையாளம் காண முடியாது. படுத்த விதம் இருக்கிறது, திறந்த வாய் இருக்கிறது, ஆள் உதிர்ந்துவிட்டார்.

எழுதுகிறவனுக்கு இந்தச் சௌகரியம் தொழிலோடு வந்துவிடுகிறது. ஈரோட்டு பஸ்ஸில் நான் எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எனக்கு ஓவர்கோட்டு வேண்டாம். கதையில் ஏறும்போது அவர் மடியில் பையை அணைத்துப் பிடித்திருந்த விதம் மட்டும் மிஞ்சும். எவன்ஸின் படத்திலோ ஆள் அப்படியே இருக்கிறார். அந்த அம்மாளின் பேத்தி ஒருநாள் புத்தகத்தைப் புரட்டி, "இது எங்கள் பாட்டி" என்று கண்டுகொண்டால்? கோபம் வரலாம். கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்யலாம். இதனால்தான் நான் மூர் கட்சி என்று சொல்லிக்கொண்டாலும், எவன்ஸைத் திருடர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

1980-ல் அதே நியூயார்க் ரயிலில் வண்ணப் படம் எடுக்கக் கிளம்பிய புரூஸ் டேவிட்சன், தம் படங்களின் சிறு ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பலரிடம் கேட்டே எடுத்தார். நாகரிகமான வழிதான். இன்று அதற்கும் பொறுமை இல்லை. நம் நாட்டிலும் 1984-ல் கல்கத்தாவிலும் 2017-ல் சென்னையிலும் ரயில் பூமிக்குள் இறங்கிவிட்டது. எல்லோர் கையிலும் செல்போன். எதிரே இருப்பவர் படிக்கிறாரா, படம் பிடிக்கிறாரா என்று யார் கண்டது?

கேட்டு எடுத்தால் தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியவில்லை. ஓர் ஆடி அமாவாசையன்று கூடுதுறையில், தகப்பனாருக்குத் திதி கொடுத்துவிட்டு ஒருவர் ஆற்றில் முழுகி எழுந்தார். படியில் பெரிய காமிராவோடு நின்ற வாலிபன் மரியாதையாகத்தான் கேட்டான்: "அண்ணா, இன்னொருக்கா முழுகுங்ணா. வெளிச்சம் இப்பத்தான் நல்லா இருக்குது." அவரும் மறுபேச்சில்லாமல் முழுகினார். எழுந்தபோது முகத்தை அவன் பக்கம் திருப்பியிருந்தார். கைகள் தாமாகவே கூப்பியிருந்தன. பிறகு படியேறி வந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "படம் நல்லா வந்துதுங்களா, தம்பி?"