வலிக்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவா?



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்களாவுக்கு வந்தார். எட்டு வருஷமாய்ப் பிடரியில் கிளம்பி உச்சந்தலை வரை ஏறும் வலி. மாதத்தில் பாதி நாள் வெளிச்சத்தைப் பார்க்கவும் இயலாமல் படுத்துவிடுகிறார். தூத்துக்குடி வைத்தியர், பிடரியிலும் நெற்றியிலும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். வீட்டாரோ, "ஆண்டவர் சிலுவை சுமக்கவில்லையா? நீயும் ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்" என்கிறார்கள். "சாமி, ஊசி போட்டால் சிலுவையை உதறினதாகுமா?" என்று கேட்டார். அவருடைய சம்மதத்தோடு உங்கள் எல்லோருக்கும் பொதுவாய் மறுமொழி எழுதுகிறோம்.

அர்ச். சின்னப்பர் தம் சரீரத்தில் தைத்த முள் நீங்கும்படி மூன்று தரம் ஆண்டவரை மன்றாடினார். முள் நீங்கவில்லை, ஆனால் கேட்டதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவுமில்லை. சேசுநாதர் கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை மறுத்தார் என்று சொல்லுகிறவர்கள், அவரே மரிக்குமுன் தாகமென்று சொல்லி, நீட்டிய காடியை ஏற்றுக்கொண்டதையும் நினைக்கவேண்டும். மறுத்ததும் ஏற்றதும் அவருடைய சொந்த மனதின்படியே. அவருக்காக வேறொருவர் மறுக்கவில்லை.

இதே கேள்வியை மயக்கமருந்து வைத்தியர்கள் 12-ம் பத்திநாதர் பாப்பரசரிடம் கேட்டபோது, 1957 பிப்ரவரி 24-ந் தேதி அவர் தெளிவாய் விடை தந்தார்: வலி தணிக்கும் மருந்தை மறுத்தே தீரவேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை. மனமுவந்து துன்பத்தை ஏற்பது மேலான புண்ணியமாகலாம். ஆனால் அது கட்டாயமல்ல.

ஆகையால் நாம் சொல்ல வருவது இதுவே: தன் வலியை ஒருவர் ஒப்புக்கொடுக்கலாம், பிறர் வலியை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது. அடுத்தவர் தோளில் நாம் ஏற்றிவைக்கும் பாரம் சிலுவையல்ல, வெறும் மரமே.

ஊசியைப் பற்றியும் உண்மையை அறிந்துகொள்ளுங்கள். ஒன்று, பிடரி நரம்பின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. மற்றொன்று, கெட்ட உணவில் வளரும் ஒரு கிருமியின் விஷத்தை மிகச் சிறு அளவில், 12 வாரத்துக்கு ஒருமுறை, நெற்றி, தலை, கழுத்து, தோள்களில் 31 இடங்களில் போடுவது. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் தலைவலிக்கும் நாட்பட்ட ஒற்றைத்தலைவலிக்காரருக்கு அமெரிக்காவில் 2010-ல் இது அனுமதியாயிற்று. ஏறக்குறைய 1,400 பேரிடம் சோதித்தபோது, 28 நாளில் சுமார் 20 நாள் வலித்தவர்களுக்கு 8 நாளுக்குச் சற்று அதிகமாய்க் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களுக்கும் ஆறரை நாள் குறைந்தது. ஆக, இது அற்புதமல்ல, ஏமாற்றுமல்ல. சிலருக்குச் சில நல்ல நாட்களைத் திருப்பித் தரும் உதவி. பலிக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று நோயாளியைக் குறைசொல்லாதீர்கள்.

இன்னொன்று: "பொறுத்துக்கொள்" என்று கேட்டுக் கேட்டு, கடை மாத்திரையை ஒளித்து விழுங்குகிறவர்கள் உண்டு. மாதத்தில் பாதி நாள் அப்படித் தொடர்ந்து விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வைத்தியரிடம் போவதே விவேகம்.

தூத்துக்குடிக் கடலில் 1961-ல் கடைசியாய் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். குளிப்பவன் கல்லோடு ஆழத்தில் இறங்குவான். கயிறு தோணியில் நிற்பவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சானை நம்பித்தான் கொடுப்பார்கள் என்பது நம் கடற்கரைப் பேச்சு. கீழேயிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்கவேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறு" என்று மேலே நிற்பவன் சொல்லலாமா? ஆழத்தின் பாரம் அவனுக்கு எப்படித் தெரியும்?

வலி கண்ணுக்குத் தெரியாது; கயிற்றின் அசைவு மட்டுமே தெரியும். அந்தத் தாய்க்கு, "போய்வா அம்மா, பூசையில் உன்னை நினைத்துக்கொள்கிறோம்" என்றோம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறதென்று கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். அன்றைக்குச் சோறாக்கும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். சிரேனே ஊரான் சீமோன் சிலுவையைப் பற்றி ஆண்டவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அதன் கீழே தோளைக் கொடுத்தான்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சாமியார்